லயக் காம்பிராவுக்குள் வரும் பாதரசம்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களுக்குச் செய்தி சேகரிக்கச் செல்லும்போது, லயக் காம்பிராக்களில் முகத்தை வெள்ளையாக்கும் கிரீம் டப்பாக்களைக் காண்கிறேன். சிலவற்றில் தயாரித்தவர் பெயரே இல்லை. விலை குறைவு, பலனும் வேகமாகத் தெரிகிறது என்கிறார்கள் பெண்கள். இத்தகைய கிரீம்கள் சிலவற்றில் அந்த வேகத்துக்குக் காரணம் பாதரசம்.

தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கிறது. கூடவே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் நரம்புகளையும் பாதிக்கிறது. பூசிய தோலிலிருந்து ஆவியாகவும் வெளியேறுகிறது. குடும்பமே ஒரு காம்பிராவில் உறங்கும்போது, கிரீம் பூசாத குழந்தையும் அதைச் சுவாசிக்கிறது.

பார்த்தோ முகர்ந்தோ இதைக் கண்டறிய முடியாது. ஆய்வுகூடத்தில் எக்ஸ் கதிர்க் கருவியால் முதலில் சோதிப்பார்கள். பின்னர் மாதிரியை அமிலத்தில் கரைத்துச் சரியான அளவைக் கணிப்பார்கள். மினமாட்டா உடன்படிக்கை முன்பு வைத்திருந்த எல்லை, ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம். பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருட்கள் அனைத்தையும் 2025 உடன் நிறுத்த வேண்டும் என 2023 இல் உறுப்பு நாடுகள் முடிவெடுத்தன. இலங்கையும் அதில் ஓர் உறுப்பு நாடு.

ஆனால் தோட்டத்துப் பெண்ணின் கையில் ஆய்வுகூடம் இல்லை, லேபிள் மட்டுமே இருக்கிறது. உள்ளடக்கப் பட்டியல் இல்லாவிட்டாலோ, 'மெர்குரி', 'கலோமெல்' என்றிருந்தாலோ, தங்கம், வெள்ளி நகைகளில் படக்கூடாது என்ற எச்சரிக்கை இருந்தாலோ வாங்க வேண்டாம். நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 இல் முறையிடலாம். ஏற்கெனவே பூசியவர்கள் நிறுத்திவிட்டு, டப்பாவுடன் வைத்தியரிடம் செல்லுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் பாதரசம் தெரியும்.