அம்பாங்: பொதுக் கட்டடங்கள், மரபிடங்கள், வெள்ளச் சீரமைப்பு

அம்பாங், கோலாலம்பூருக்குக் கிழக்கே கிள்ளான் ஆற்றின் மேற்பகுதியில் அமைந்த நகர்ப்பகுதி. 1857இல் ராஜா அப்துல்லா அனுப்பிய சீன ஈயச் சுரங்கத் தொழிலாளர்கள் 87 பேர் இங்கு வந்தனர் என்றும், ஒரு மாதத்துக்குள் காய்ச்சலில் 69 பேர் மாண்டு 18 பேரே மிஞ்சினர் என்றும் கோலாலம்பூர் வரலாறு கூறும். 1974 பிப்ரவரி 1இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம் உருவானபோது எல்லைக்கோடு அம்பாங்கின் ஊடாக விழுந்தது. மேற்குப் பகுதி கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் பொறுப்பில் உள்ளது. கிழக்குப் பகுதி சிலாங்கூர் மாநிலத்தைச் சேர்ந்தது. 1992 ஜூலை 1 முதல் அதை அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகம் நிர்வகிக்கிறது. கட்டடம், மரபிடம், வெள்ளம் ஆகிய மூன்றிலும் யார் பொறுப்பு என்ற கேள்வி அம்பாங்கில் இந்தக் கோட்டிலிருந்தே தொடங்குகிறது.

கூட்டரசு அலுவலகங்களையும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் கட்டுவதிலும் பழுதுபார்ப்பதிலும் தொழில்நுட்பப் பொறுப்பு பெரும்பாலும் ஜே.கே.ஆர். எனப்படும் பொதுப்பணித் துறையுடையது. ஆறும் பெருவடிகாலும் வடிகால், நீர்ப்பாசனத் துறையின் கையில் இருக்கின்றன. தெருவோரச் சாக்கடையை உள்ளாட்சி மன்றம் பார்த்துக்கொள்கிறது. ஒரே மழையால் ஒரே தெருவில் நேரும் சேதத்துக்கு இப்படி மூன்று அலுவலகங்கள் பதில் சொல்ல வேண்டியுள்ளது.

மரபிடங்களுக்கு 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் (சட்டம் 645) பொருந்தும். 1976இன் தொல்பொருள் சட்டத்துக்கு மாற்றாக வந்த இது 2006 மார்ச் 1இல் நடப்புக்கு வந்தது. பாரம்பரிய ஆணையர் ஓர் இடத்தை மரபிடமாக அறிவிக்கலாம். அறிவிப்புக்கு முன்பே இடிப்பு அச்சம் எழுந்தால் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கவும் வழியுண்டு. ஆனால் இடம் ஒரு மாநிலத்துக்குள் இருந்தால் அம்மாநில அரசின் இசைவைப் பெற்றாக வேண்டும். நிலம் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதே காரணம். ஆகவே அம்பாங் சாலையில் கோலாலம்பூர் பக்கம் நிற்கும் கட்டடத்துக்கு ஒரு வழி, எல்லைக்கு அப்பால் சிலாங்கூரில் நிற்கும் கட்டடத்துக்கு வேறு வழி.

அம்பாங் சாலையின் இரு மாளிகைகள்

ஈயத்திலும் ரப்பரிலும் பொருள் சேர்த்த சீனச் செல்வந்தர்கள் மாளிகைகள் எழுப்பிய சாலை இது. அவற்றுள் இரண்டின் கதையை அருகருகே வைத்துப் பார்த்தால் சட்டத்தின் பலமும் பலவீனமும் தெரியும்.

சைக்கிள் அண்ட் கேரியேஜ் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான சுவா செங் போக் கட்டிய போக் மாளிகை 1929இல் முடிந்தது. 1958 முதல் 2001 வரை அங்கே லெ கோக் டோர் உணவகம் நடந்தது. நகரவாசிகள் பலருக்கு அந்த மாளிகைக்குள் நுழைய அதுவே வாய்ப்பு. தனியார் சொத்தாகவே இருந்த அந்தக் கட்டடம் 2006 டிசம்பர் 15இல் இடிக்கப்பட்டது. பாரம்பரியச் சட்டம் நடப்புக்கு வந்து பத்து மாதம்கூட நிறைவடையவில்லை. சட்டம் கையில் இருந்தும் அறிவிப்பு இல்லாததால் அந்த வீட்டை அது காக்கவில்லை. கோலாலம்பூரின் மரபுக் காப்பு வரலாற்றில் இதைவிட வருந்தத்தக்க இழப்பு மிகக் குறைவு.

மற்றொன்று, இயூ தோங் சென் 1935இல் கட்டிய மாளிகை. போர்க்காலத்தில் ஜப்பானியப் படை அதைப் பயன்படுத்தியது. பின்னர் அது அரசின் கைக்கு வந்தது. அவ்வளாகத்தின் துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபத்தில்தான் 1957 செப்டம்பரில் நாட்டின் முதல் மாமன்னர் அரியணை ஏறினார். 1959 செப்டம்பரில் முதல் நாடாளுமன்றமும் அங்கேயே தொடங்கி வைக்கப்பட்டது. பிற்காலத்தில் அது சுற்றுலா மையமாக மாறியது. நுழைவு அனுமதிக்காக யாரையும் கெஞ்ச வேண்டியிராத மரபிடம் அது. ஒரு கட்டடத்துக்கு அன்றாடப் பயன்பாடு இருந்தால் பராமரிப்புக்கான காரணமும் ஆண்டுதோறும் இருக்கும். பூட்டிவைத்துக் காக்கும் முறையைவிட இது மேல் என்பதற்கு இந்த மாளிகையே சான்று.

ஆறு

1881 ஜனவரியில் தீயும் அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகளுக்கு மாற்றாகச் செங்கல்லும் ஓடும் வேண்டும் என்று பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஸ்வெட்டன்ஹாம் வற்புறுத்தினார். செங்கல் சூளைகள் பெருகிய இடம் பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. பின்னர் ரயில்வேத் தொழிலாளர்களாக வந்த தமிழர்கள் அங்கே வேரூன்றினர். அக்காலச் சாலைகளிலும் இருப்புப் பாதைகளிலும் பொதுப்பணித் துறை வேலைகளிலும் தமிழர் உழைப்பு பெரும்பங்கு வகித்தது.

1926இல் பெருவெள்ளம் வந்தது. 1971 ஜனவரி வெள்ளத்தில் கோலாலம்பூரில் 32 பேர் உயிரிழந்தனர். சுமார் 1,80,000 பேர் பாதிக்கப்பட்டனர். அதன்பின் தீட்டப்பட்ட வெள்ளத் தணிப்புத் திட்டங்களின்கீழ் அம்பாங்குக்கு வடக்கே 1958இல் முடிந்திருந்த கிள்ளான் கேட்ஸ் அணை உயர்த்தப்பட்டது. பத்து அணை புதிதாகக் கட்டப்பட்டது. ஆயினும் 2003 ஜூன் 10இல் நகர மையம் மீண்டும் மூழ்கியது.

இதற்கு விடையாக எழுந்த ஸ்மார்ட் வெள்ளநீர்ச் சுரங்கத்தின் வாய் அம்பாங் பகுதியில், கிள்ளான் ஆறும் அம்பாங் ஆறும் கூடும் கம்போங் பெரெம்பாங்கில் உள்ளது. 9.7 கிலோமீட்டர் நீளமும் 13.2 மீட்டர் துளை விட்டமும் கொண்ட இச்சுரங்கம் 2007இல் திறக்கப்பட்டது. பெரெம்பாங் தேக்கக் குளத்தில் இறங்கும் நீர் நகருக்கு அடியே ஓடித் தாமான் டேசா குளத்தை அடைந்து கெராயோங் ஆற்றில் கலக்கிறது. இரு குளங்களும் சுரங்கமும் சேர்ந்து ஏறத்தாழ 30 லட்சம் கனமீட்டர் நீரைத் தாங்கும்.

சுரங்கத்தின் நடுப்பகுதியில் ஈரடுக்குக் கார்ச்சாலை உள்ளது. ஆறுகள் கூடும் இடத்தில் விநாடிக்கு 70 கனமீட்டருக்குமேல் நீர் வந்தால் சாலைக்குக் கீழுள்ள அடித்தளம் திறக்கும். மேலே வாகனம் ஓடிக்கொண்டிருக்கும். 150 கனமீட்டரைத் தாண்டும் பெருமழையில் வாகனங்களை வெளியேற்றிவிட்டுச் சாலையையும் வெள்ளத்துக்கு விடுவார்கள். வடிந்த பிறகு சேற்றைக் கழுவி, மின்கருவிகளைச் சோதித்துத்தான் சாலையைத் திறக்க முடியும்.

ஆற்றின் கீழ்ப்போக்கில், கொம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றைச் சேரும் முனையில் 1909இல் திறக்கப்பட்ட ஜாமெக் பள்ளிவாசலும், சற்றுத் தள்ளி 1897இல் முடிந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடமும் நிற்கின்றன. இவற்றின் சுவர்களை எட்டும் நீரின் அளவைத் தீர்மானிப்பதில் அம்பாங்கிலுள்ள சுரங்க வாய்க்கும் பங்குண்டு. மரபிடக் காப்புச் செலவைக் கணக்கிடுவோர் தேக்கக் குளத்தில் தூர்வாரும் செலவையும் அதே கணக்கில் சேர்ப்பதே நேர்மையானது.

மலைச்சரிவுகள்

மழைநீரின் ஆபத்து ஆற்றோரத்தோடு நிற்பதில்லை. அம்பாங்கை அடுத்த உலு கிள்ளானில் 1993 டிசம்பர் 11இல் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்ககத்தின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் இறந்தனர். மேற்சரிவின் வடிகால் குறைபாடும் தாங்குசுவர்களின் சரிவும் காரணங்களாகச் சுட்டப்பட்டன. 2008 டிசம்பர் 6இல் அதே பகுதியின் புக்கிட் அந்தாராபங்சாவிலும் மண் சரிந்தது.

வெள்ளத்துக்குப் பின்

பேரிடர்ப் பணிகளை 2015 முதல் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனமான நட்மா ஒருங்கிணைக்கிறது. நாடெங்கும் 2021 வெள்ள இழப்பு 610 கோடி ரிங்கிட் எனப் புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. அதில் சுமார் 200 கோடி பொதுச் சொத்துகளுக்கும் உள்கட்டமைப்புக்கும் நேர்ந்தது. வீடுகளுக்கு நேர்ந்த இழப்பையும் அது மிஞ்சியது. மாநிலங்களில் சிலாங்கூரே மிகுதியாக இழந்தது.

வெள்ளம் வடிந்த பிறகு புதிய அலுவலகக் கட்டடத்தில் கழுவுதல், மின்கம்பி மாற்றுதல், வண்ணம் பூசுதல் என்ற வரிசை போதும். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட பழைய சுவருக்கு அது பொருந்தாது. சுவர் உறிஞ்சிய நீர் வெளியேற மாதக்கணக்கில் ஆகும். நீரோடு ஏறிய உப்பு மேற்பரப்பில் பூத்துப் பூச்சை உதிர்க்கும். அவசரமாகச் சிமெண்டோ நீர்புகா வண்ணமோ பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுச் செங்கல்லைப் பொடியாக்கும். எனவே சுவரை உலரவிட்டு, உப்பை நீக்கி, மீண்டும் சுண்ணாம்புச் சாந்தே பூச வேண்டும். மரபிடமாக அறிவிக்கப்பட்ட கட்டடத்தில் இவ்வேலைக்கு ஆணையரின் ஒப்புதல் தேவை. அறிவிக்கப்படாத பழைய கடைவீடுகளில் அந்தக் கண்காணிப்பும் இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் அத்தகையவையே மிகுதி.