பெர்க்கின்ஸின் உலோகக் கோல்கள்: ஒரு போலி மருத்துவத்தின் வரலாறு

பெர்க்கின்ஸின் உலோகக் கோல்கள் என்பவை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வலி நீக்கும் கருவியாக விற்கப்பட்ட இரண்டு சிறிய உலோகத் துண்டுகள் ஆகும். இவற்றை உடலின் மேல் சில நிமிடங்கள் இழுத்தால் முடக்குவாதம், தலைவலி, பல்வலி, வீக்கம் முதலியவை நீங்கும் என்று சொல்லப்பட்டது. படித்தவர்களும் மருத்துவர்களும் மதகுருக்களும் இதற்குச் சான்று அளித்தனர். 1799இல் இங்கிலாந்தின் பாத் நகரில் மரத்தால் செய்த போலிக் கோல்களைக் கொண்டு நடத்தப்பட்ட எளிய சோதனை, இக்கோல்களில் தனிப்பட்ட ஆற்றல் எதுவும் இல்லை என்பதைக் காட்டியது. போலி அறிவியலை எப்படி அடையாளம் காண்பது என்பதற்கு மருத்துவ வரலாற்றில் கிடைக்கும் தெளிவான பாடங்களுள் இதுவும் ஒன்று.

பின்னணி

இத்தாலியின் பொலோனா நகரைச் சேர்ந்த லூயிஜி கால்வானி, இறந்த தவளையின் கால்களை உலோகங்களால் தொட்டபோது அவை துடிப்பதைக் கண்டார். இதற்குக் காரணம் விலங்கின் உடலில் உள்ள மின்சாரமே என்று 1791இல் எழுதி வெளியிட்டார். இச்செய்தி ஐரோப்பா முழுவதும் பரவியது. உலோகம், நரம்பு, மின்சாரம் ஆகிய மூன்றுக்கும் ஏதோ தொடர்பு உண்டு என்பது அப்போது உண்மையிலேயே புதிய அறிவியல். ஆனால் அது எவ்வாறு செயல்படுகிறது என்பது எவருக்கும் முழுதாகத் தெரியாது.

இந்த இடைவெளியில்தான் உலோகக் கோல்கள் நுழைந்தன. போலி அறிவியல் பெரும்பாலும் பழைய மூடநம்பிக்கையின் உருவில் வருவதில்லை. அந்தந்தக் காலத்தின் புத்தம் புதிய கண்டுபிடிப்பின் பெயரைக் கடன் வாங்கிக்கொண்டே வருகிறது. 18ஆம் நூற்றாண்டில் அது காந்தமாகவும் மின்சாரமாகவும் இருந்தது. ரேடியம் கண்டுபிடிக்கப்பட்ட பின் கதிரியக்கமாக இருந்தது. இன்று 'குவாண்டம்', 'நானோ', 'அதிர்வெண்' என்னும் சொற்களாக இருக்கிறது.

கருவியும் காப்புரிமையும்

எலைஷா பெர்க்கின்ஸ் (1741–1799) அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மருத்துவம் பார்த்துவந்தவர். ஏறத்தாழ மூன்று அங்குல நீளமும், ஒரு முனை கூராகவும் மறுமுனை உருண்டையாகவும் உள்ள இரண்டு கோல்களை அவர் உருவாக்கினார். ஒன்று பித்தளை நிறம், மற்றொன்று எஃகு நிறம். அபூர்வமான உலோகக் கலவைகளால் ஆனவை என்று சொல்லப்பட்டபோதிலும், அவை சாதாரணப் பித்தளையும் இரும்புமே. வலியுள்ள இடத்தின் மேல் கூர்முனைகளை வைத்துத் திரும்பத் திரும்ப இழுத்தால், வலிக்குக் காரணமான கெட்ட மின்பாய்மம் உடலிலிருந்து வெளியேறும் என்பது விளக்கம்.

1796 பிப்ரவரியில் அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இது பலருடைய நம்பிக்கையை வளர்த்தது. ஆனால் 1793ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமை என்பது வெறும் பதிவு மட்டுமே. கருவி பயன் தருகிறதா, புதியதுதானா என்று எவரும் ஆராயவில்லை. ஆராய்ந்து வழங்கும் முறை 1836இல்தான் மீண்டும் வந்தது. 'காப்புரிமை பெற்றது' என்ற சொல்லைச் 'சோதித்து நிரூபிக்கப்பட்டது' என்று பொருள்கொள்வது அன்று முதல் இன்று வரை தொடரும் மயக்கம்.

கனெக்டிகட் மருத்துவக் கழகம் இதை ஏற்கவில்லை. பாரிசில் அம்பலமான விலங்குக் காந்தக் கொள்கையின் மிச்சமே இது என்று கண்டித்து, 1797இல் பெர்க்கின்ஸை உறுப்பினர் நிலையிலிருந்து நீக்கியது. எனினும் விற்பனை குறையவில்லை. அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனும் ஒரு சோடி வாங்கியதாகக் குறிப்பிடப்படுகிறது.

சான்றுகளின் குவியல்

எலைஷாவின் மகன் பெஞ்சமின் டக்ளஸ் பெர்க்கின்ஸ் இக்கோல்களை லண்டனுக்குக் கொண்டு சென்றார். அங்கே ஒரு சோடியின் விலை 5 கினி. ஒரு தொழிலாளி எண்ணிப்பார்க்க முடியாத தொகை இது. 1798இல் அவர் வெளியிட்ட நூல் குணமடைந்தவர்களின் கதைகளால் நிரம்பியிருந்தது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகர மருத்துவர்களும் சாதகமான அறிக்கை அளித்தனர்.

8 பேராசிரியர்கள், 21 மருத்துவர்கள், 19 அறுவை மருத்துவர்கள், 30 மதகுருக்கள் எனச் சான்றளித்தோர் பட்டியல் நீண்டது. பின்னர் ஒரு கணக்கும் போடப்பட்டது. அச்சில் வெளியான குணமடைந்த நிகழ்வுகள் ஏறத்தாழ 5,000; முந்நூற்றில் ஒன்றுதான் அச்சேறியிருக்கும் என்று வைத்துக்கொண்டால், குணமடைந்தோர் 15 இலட்சத்திற்கும் மேல் என்பதே அக்கணக்கு.

இந்தக் கணக்கை நிதானமாகப் பார்த்தால் அதன் ஓட்டை புலப்படும். முந்நூற்றில் ஒன்று என்ற விகிதத்தை எவரும் அளந்து பார்க்கவில்லை. விற்பவர் தரப்பே வைத்துக்கொண்ட எண் அது. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கோலை இழுத்தும் குணமாகாதவர்கள் எத்தனை பேர் என்பது எங்கும் இல்லை. குணமானவர் நன்றிக் கடிதம் எழுதுவார். குணமாகாதவர் கோலைப் பெட்டியில் போட்டுவிட்டு வேறு வைத்தியம் தேடுவார். அவருடைய கடிதம் எந்த நூலிலும் வராது.

பாரிசில் கிடைத்த வழிமுறை

இத்தகைய உரிமைகோரலைச் சோதிக்கும் வழி சில ஆண்டுகளுக்கு முன்பே கண்டறியப்பட்டிருந்தது. பிரான்ஸ் மெஸ்மர் என்பவர் 1778இல் பாரிசுக்கு வந்து, விலங்குக் காந்தம் என்னும் கண்ணுக்குத் தெரியாத பாய்மத்தால் நோய்களைக் குணப்படுத்துவதாகக் கூறினார். 1784இல் மன்னர் பதினாறாம் லூயி இதை ஆராய ஒரு குழுவை அமைத்தார். பெஞ்சமின் பிராங்க்ளின், வேதியியலாளர் லவாசியே, வானியலாளர் பைய்யி, மருத்துவர் கில்லட்டின் ஆகியோர் அதில் இருந்தனர்.

மெஸ்மரின் சீடர் டெஸ்லோன் பாசி என்னுமிடத்தில் பிராங்க்ளினின் தோட்டத்தில் இருந்த ஒரு மரத்தைக் 'காந்தப்படுத்தினார்'. கண்கள் கட்டப்பட்ட 12 வயதுச் சிறுவன் ஒருவன் வேறு மரங்களிடம் அழைத்துச் செல்லப்பட்டான். நான்காவது மரத்தருகே அவன் மயங்கி விழுந்தான். காந்தப்படுத்திய மரமோ 24 அடி தொலைவில் இருந்தது. இதுபோன்ற பல சோதனைகளுக்குப் பின், எதிர்பார்ப்பு இருந்தால் காந்தம் இல்லாமலும் விளைவு வருகிறது, எதிர்பார்ப்பு இல்லையேல் காந்தமிருந்தும் விளைவு வருவதில்லை என்று குழு முடிவு செய்தது.

அச்சிறுவன் நடிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நடித்திருந்தால் சரியான மரத்தடியில் விழ முயன்றிருப்பான். அவன் உண்மையாகவே மயங்கினான். ஆனால் காரணம் மரத்தில் இல்லை.

பாத் நகரச் சோதனை

வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற பாத் நகரில், மூட்டுவலியுடன் வரும் செல்வந்தரிடையே உலோகக் கோல்கள் பெரும் வரவேற்பைப் பெற்றன. காய்ச்சல் நோய்களின் தடுப்பில் பெயர்பெற்ற மருத்துவர் ஜான் ஹேகார்த் அப்போது அங்கே வசித்துவந்தார். இவற்றைச் சோதிக்கலாம் என்று தம் நண்பரும் பாத் பொது மருத்துவமனை மருத்துவருமான வில்லியம் ஃபால்கனரிடம் அவர் தெரிவித்தார்.

உண்மைக் கோல்களைப் போலவே தோன்றுமாறு மரத்தால் கோல்கள் செய்யப்பட்டு வண்ணம் பூசப்பட்டன. 1799 ஜனவரி 7ஆம் நாள், நாட்பட்ட மூட்டுவாதத்தால் அவதிப்பட்ட ஐந்து நோயாளிகள்மீது அவை இழுக்கப்பட்டன. கோல்களால் பிறர் பெற்ற வியத்தகு பலன்களைப் பற்றிய பேச்சும் இடையே நடந்தது. ஐவரில் நால்வர் வலி குறைந்ததாக உறுதியாகக் கூறினர். ஒருவர் தம் முழங்கால் சூடாவதாக உணர்ந்து, முன்னைவிட நன்றாக நடந்தும் காட்டினார். இன்னொருவருக்கு ஒன்பது மணி நேரம் வலி குறைந்திருந்தது. படுக்கைக்குச் சென்றபின் திரும்பிவிட்டது.

மறுநாள் அதே நோயாளிகள்மீது உண்மையான உலோகக் கோல்கள் பயன்படுத்தப்பட்டன. விளைவு ஏறத்தாழ முந்தைய நாளைப் போலவே இருந்தது. மரம் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே வலியைக் குறைத்தது மின்பாய்மம் அன்று. பிரிஸ்டல் நகர மருத்துவமனையில் எலும்புத் துண்டு, சிலேட்டுக் குச்சி, புகைக்குழாய் போன்ற பொருட்களைக் கொண்டு செய்தபோதும் இத்தகைய பலன்களே கிடைத்தன.

ஹேகார்த் இவற்றை 1800இல் நூலாக வெளியிட்டார். மருந்துப்போலி விளைவு என்று இன்று அழைக்கப்படுவதைச் சோதனை வழியாக விளக்கிய தொடக்கக்கால நூல்களுள் அதுவும் ஒன்றாகக் கருதப்படுகிறது. அவர் தம் தொழிலையும் விட்டுவைக்கவில்லை. பெயர்பெற்ற மருத்துவர் தரும் மருந்து, பெயரில்லாதவர் தரும் அதே மருந்தைவிட நன்றாக வேலை செய்வதற்கும் நம்பிக்கையே ஓரளவு காரணம் என்று எழுதினார்.

மறுமொழியும் வீழ்ச்சியும்

பெஞ்சமின் பெர்க்கின்ஸ் சளைக்கவில்லை. கைக்குழந்தைகளும் குதிரைகளும்கூடக் கோல்களால் குணமடைந்தன. அவற்றுக்கு ஏது கற்பனை என்று கேட்டார். கேள்வி கூர்மையானதுதான். ஆனால் குழந்தைக்கு நலமாகிவிட்டது என்று சொல்பவர் தாய். குதிரை நொண்டவில்லை என்று சொல்பவர் அதன் உரிமையாளர். எதிர்பார்ப்பு அவர்களிடம் இருக்கிறது. மேலும், சிறு நோய்கள் பல தாமாகவே தணிபவை. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் வைத்தியம் தேடுகிறார். உச்சத்திற்குப் பின் வருவது பெரும்பாலும் இறக்கமே. இடையில் எதைச் செய்திருந்தாலும் பெயர் அதற்கே போகும்.

1801இல் ஜேம்ஸ் கில்ரே வரைந்த கேலிச்சித்திரம் ஒன்று, பருத்த மனிதர் ஒருவரின் சிவந்த மூக்கில் கோல் இழுக்கப்படுவதைக் காட்டி லண்டனைச் சிரிக்க வைத்தது. ஆனாலும் ஆதரவாளர்கள் ஏழைகளுக்குக் கோல் மருத்துவம் செய்ய லண்டனில் பெர்க்கின்ஸ் பெயரில் ஒரு நிறுவனமே தொடங்கினர். சோதனை முடிவு வந்தவுடன் நம்பிக்கை அற்றுப்போகவில்லை. சில ஆண்டுகளில் மெல்ல மெல்லத் தேய்ந்தது.

எலைஷா பெர்க்கின்ஸ் வேண்டுமென்றே ஏமாற்றினாரா என்பதற்கு அவருடைய முடிவே ஒருவாறு விடை தருகிறது. புளிக்காடியும் உப்பும் கலந்த ஒரு மருந்தையும் அவர் உருவாக்கியிருந்தார். 1799இல் நியூயார்க் நகரில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது, அம்மருந்தைச் சோதிக்கத் தாமே அங்கே சென்று நோயாளிகளைக் கவனித்தார். சில வாரங்களில் அதே நோயால் இறந்தார். தன் மருந்தில் நம்பிக்கை இல்லாதவர் செய்யக்கூடிய செயல் அன்று இது. ஒருவர் நேர்மையானவர் என்பது அவருடைய மருந்து வேலை செய்யும் என்பதற்குச் சான்றாகாது.

இக்கோல்கள் அக்கால மருத்துவர்கள் பரவலாகச் செய்த இரத்தம் வடித்தலைவிடக் குறைந்த தீங்கையே செய்தன என்பதையும் சொல்ல வேண்டும். அன்று அதிகாரபூர்வமான மருத்துவமும் பெரும்பாலும் சோதிக்கப்படாததே. இரண்டுக்கும் இடையே பிற்காலத்தில் ஏற்பட்ட வேறுபாடு, ஒன்று சோதனைக்கு உட்பட்டுத் தன் பழைய முறைகளைக் கைவிட்டது என்பதே.

இன்றைய வடிவங்கள்

இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் கோல்கள் வேறு உருவில் விற்கப்படுகின்றன. உடல் சமநிலையைக் கூட்டும் என்று விளம்பரப்படுத்தப்பட்ட பவர் பேலன்ஸ் கைப்பட்டைகள் உலகெங்கும் பரவின. அவற்றின் ஆஸ்திரேலிய நிறுவனம், தன் கூற்றுகளுக்கு நம்பத்தக்க அறிவியல் சான்று இல்லை என்று 2010 இறுதியில் ஒப்புக்கொண்டு, பணத்தைத் திருப்பித்தர முன்வந்தது. பொருட்காட்சிக் கடைகளில் இத்தகைய பட்டை விற்பவர் முதலில் வெறுங்கையுடன் நிற்கச் சொல்லி கையை அழுத்துவார், ஆள் தடுமாறுவார். பிறகு பட்டையைக் கட்டி அழுத்துவார். ஆள் உறுதியாக நிற்பார். இரண்டாம் முறை என்ன வரும் என்று உடலுக்கு முன்பே தெரியும் என்பதும், அழுத்தும் திசை சற்று மாறினாலே போதும் என்பதும் பார்ப்பவருக்குப் புலப்படாது. பட்டையை ஒரு துணிக்குள் மறைத்து, எப்போது கட்டியிருக்கிறது என்று இருவருக்குமே தெரியாமல் பலமுறை செய்தால் உண்மை வெளிப்படும். ஹேகார்த்தின் மரக்கோலும் இதுவே.

இந்தியாவில் 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், நீரிழிவு, புற்றுநோய் உள்ளிட்ட குறிப்பிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவையும் அதன் வரம்பில் வருகின்றன. 1976இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட அடிப்படைக் கடமைகளுள் அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதும் ஒன்று. ஆயினும் இன்சுலினை நிறுத்திவிட்டுச் சூரணம் வாங்கச் சொல்லும் காணொளிகள் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. மூட்டுவலிக்குப் பித்தளை இழுத்தவர் பணத்தை மட்டுமே இழந்தார். இன்சுலினை நிறுத்துபவர் உயிரையே இழக்கக்கூடும்.

பெர்க்கின்ஸ் வரலாற்றிலிருந்து அன்றாட வாழ்வுக்குரிய சில கேள்விகளைத் தொகுக்கலாம்:

1. பலன் பெறாதவர்களின் எண்ணிக்கையும் சொல்லப்படுகிறதா, அல்லது குணமானவர் கதைகள் மட்டுமா?
2. அதே தோற்றமுள்ள போலிப் பொருளுடன் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்களா?
3. புதிய அறிவியல் சொல் எதையேனும் விளக்குகிறதா, வெறும் அலங்காரமா?
4. காப்புரிமை, பதிவு எண், பிரபலரின் பெயர் ஆகியவை சான்றின் இடத்தில் வைக்கப்படுகின்றனவா?
5. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல நோய்களுக்கு ஒரே பொருள் மருந்தாகச் சொல்லப்படுகிறதா?
6. இதை நம்பி எந்தச் சிகிச்சையைக் கைவிட வேண்டியிருக்கிறது?

குணமடைந்தேன் என்று சொல்பவரைப் பொய்யர் என்று கருதத் தேவையில்லை. பாத் நகரில் மரக்கோலால் வலி குறைந்து நடந்து காட்டியவர் பொய் சொல்லவில்லை. அவருடைய வலியும் உண்மை, நிம்மதியும் உண்மை. அதற்குக் கோல்தான் காரணம் என்பது மட்டுமே உண்மையன்று. அதை அறிந்துகொள்ள இரண்டு மரத்துண்டுகளும் இரண்டு நாட்களும் போதுமானவையாக இருந்தன.