வஞ்சகக் கடிதத்தின் வரலாறு

"ஏமாறுகிறவன் இருக்கும்வரை ஏமாற்றுகிறவனும் இருப்பான்" என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. உண்மை சிறிது இருப்பினும், இப்பழமொழி பழியை ஏமாந்தவன் தலையிலே சுமத்திவிடுகின்றது. இணையத்தின் வழியே பணத்தைப் பறிகொடுத்தவர் பலர், அதனைப் பெற்ற பிள்ளைகளிடங்கூடச் சொல்லாது மறைப்பதற்கு இப்பழிக்கு அஞ்சுவதே காரணம். ஆயின் ஏமாந்தவர் யாவரும் பேதையரா? வரலாறு வேறு விடை தருகின்றது.

பிரான்சு தேசத்திலே 1789ஆம் ஆண்டு புரட்சி மூண்டது. பிரபுக்கள் பலர் உயிர் தப்புவதற்காக அயல்நாடுகளுக்கு ஓடினர். இக்குழப்பத்தின் விளைவாகப் பிரெஞ்சுச் சிறைச்சாலைகளிலே ஒரு புதிய தொழில் பிறந்தது. கைதிகள் செல்வர்களின் விலாசங்களைச் சேகரித்து அவர்களுக்குக் கடிதம் எழுதலாயினர். "நான் ஒரு பிரபுவின் வேலைக்காரன். என் எசமானர் ஓடும்பொழுது, பொன்னும் வைரமும் நிறைந்த பேழையொன்றை உங்கள் ஊருக்கு அண்மையிலே மறைத்துவைத்தார். அதனை எடுக்க வந்த நான் சிறைப்பட்டேன். சிறுதொகை அனுப்பி உதவினால் பேழை இருக்குமிடத்தைச் சொல்வேன்" என்பது அக்கடிதங்களின் சாரம். இவற்றை 'ஜெருசலேம் கடிதங்கள்' என்றனர். குற்றவாளியாயிருந்து பின்னர்ப் பாரிஸ் நகரின் துப்பறியும் படைக்குத் தலைவரான விதொக் என்பவர் இவற்றைப் பற்றி எழுதியுள்ளார். நூறு கடிதங்களில் இருபதுக்கேனும் பதில் வந்தது என்பது அவர் கணக்கு.

இக்கடிதத்தின் அமைப்பு கருதத்தக்கது. கேட்கும் தொகை சிறிது. வாக்களிக்கும் பொருள் பெரிது. காலம் கடந்தால் வாய்ப்புப் போய்விடும் என்னும் அவசரம் அதில் உண்டு. யாரிடமும் சொல்லலாகாது என்னும் இரகசியமும் உண்டு. முதற்றொகை கிடைத்தபின் புதிதாய் ஓர் இடையூறு முளைக்கும். அதற்கும் பணம் வேண்டும். முன்னர்க் கொடுத்தது வீணாகிவிடுமே என்ற அச்சத்தால் மேலும் கொடுப்பர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதே கதை 'ஸ்பானியக் கைதி' என்னும் பெயரோடு இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் சென்றது. 1980ஆம் ஆண்டுகளிலே நைஜீரியாவிலிருந்து தபாலிலே புறப்பட்டது. அந்நாட்டுக் குற்றவியற் சட்டத்தின் 419ஆம் பிரிவே அம்மோசடிக்குப் பெயராயிற்று. 1990களில் மின்னஞ்சல் பரவியபொழுது முத்திரைச் செலவும் ஒழிந்தது. நூற்றுக்கு இருபதின்மர் பதில் எழுதவேண்டிய தேவை அதனோடு நீங்கியது. இலட்சத்தில் ஒருவர் நம்பினாலே இலாபம்.

செய்தி செல்லும் பாதையிலே புகுந்து திருடும் வித்தையும் பழையதே. மின்சாரத் தந்திக்கு முன்னர், பிரான்சிலே குன்றுகள் தோறும் கோபுரங்களை அமைத்து, அவற்றின் உச்சியில் மரக்கைகளை அசைத்துச் செய்தி அனுப்பினர். 1794இல் பாரிஸுக்கும் லீல் நகருக்கும் இடையே முதற் பாதை திறக்கப்பட்டது. அரசாங்கச் செய்திக்கன்றி வேறெதற்கும் அதனைப் பயன்படுத்த இயலாது. போர்தோ நகரத்து வணிகரான பிளாங்க் சகோதரர் இருவர், பாரிஸ்ப் பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கத்தைப் பிறருக்கு முன்னர் அறிய விரும்பினர். தூர் நகரத்துத் தந்தி ஊழியரைக் கைக்கூலியால் வசப்படுத்தினர். அரசாங்கச் செய்தியின் நடுவே அவர் ஒரு பொய்க்குறியைச் சேர்ப்பார். அடுத்த கணமே அது பிழையென்னும் குறியையும் அனுப்புவார். இடையிலுள்ள கோபுரக்காரர் பொருளறியாது கண்டதை அப்படியே கடத்துவர். போர்தோவிலே பிழை நீக்கப்படும். அதற்குள் வெளியே நின்ற கூட்டாளி கோபுரத்தைப் பார்த்துக் குறியை அறிந்துகொள்வான்.

1834 முதல் இரண்டாண்டு காலம் இது நடந்தது. 1836இல் வெளிப்பட்டு, மறு ஆண்டு வழக்கு நிகழ்ந்தபொழுது, அச்செயலைத் தண்டிக்கச் சட்டமே இல்லாமையால் சகோதரர் சிறையேகாது தப்பினர். அனுமதியின்றிச் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கும் சட்டம் அவ்வாண்டிலேதான் பிறந்தது. குற்றம் முன்னே செல்லச் சட்டம் பின்னே செல்வது அன்று தொட்ட வழக்கம். இலங்கையின் கணினிக் குற்றங்கள் சட்டம் 2007ஆம் ஆண்டிலே வந்தது.

இவ்விரு வித்தைகளும் ஒன்றுகூடிய நிகழ்ச்சியொன்று 2016ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 4ஆந் திகதி நடந்தது. பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் திருடர் ஓராண்டுக்கு முன்னரே புகுந்திருந்தனர். வேலை தேடும் ஒருவர் எழுதியதுபோன்ற பணிவான மின்னஞ்சலே அவர்கள் நுழைந்த வாயில் என்று அமெரிக்க அரசாங்கம் 2018இல் தொடுத்த வழக்குக் கூறுகின்றது. அவ்வங்கியின் பெயரால், நியூயோர்க் நகரிலுள்ள அதன் கணக்கிலிருந்து ஏறக்குறைய 95 கோடி டொலரை மாற்றுமாறு 35 கட்டளைகள் பறந்தன. வெள்ளி, சனி டாக்காவில் விடுமுறை. சனி, ஞாயிறு நியூயோர்க்கில் விடுமுறை. திங்களன்று பிலிப்பைன்ஸில் சீனப் புத்தாண்டு விடுமுறை. கேட்பாரற்ற நாட்களைத் திருடர் எண்ணித் தெரிந்தெடுத்திருந்தனர். பெரும்பாலான கட்டளைகள் நியூயோர்க்கிலேயே தடைப்பட்டன. எனினும் 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸ் சென்று, பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளிலே மறைந்தது.

இலங்கைக்கு வந்த 2 கோடி டொலர் மட்டும் தப்பியது. பணம் பெறவிருந்த நிறுவனத்தின் பெயரிலே ஓர் ஆங்கிலச் சொல் பிழையாக எழுதப்பட்டிருந்தது. இடைநின்ற ஜேர்மன் வங்கி அதனைக் கண்டு விளக்கம் கேட்டது. இத்துணைப் பெருந்தொகை இந்நாட்டுக்கு வழக்கமானதன்று என்ற ஐயம் இலங்கை வங்கி அலுவலரிடமும் எழுந்தது. பணம் திருப்பியனுப்பப்பட்டது. கோடிகளைக் காத்தது கோட்டைச் சுவரன்று, நின்று கேட்ட ஒரு கேள்வியே. மத்திய வங்கியே வஞ்சிக்கப்படும் உலகில், ஓய்வூதியம் பெறும் முதியவரைப் பேதையெனல் முறையன்று.

இனி, அப்பழைய சிறைக்கைதியின் கதையில் இன்று நேர்ந்துள்ள மாற்றம் துயரமானது. தாய்லாந்திலே கணினி வேலை என்ற விளம்பரத்தை நம்பிச் சென்ற இளைஞர் பலர், மியன்மாரின் எல்லைப்புறத்து முகாம்களிலே அடைக்கப்பட்டு, அந்நியருக்குக் காதற் செய்தியும் முதலீட்டுச் செய்தியும் எழுதி ஏமாற்றுமாறு வதைக்கப்பட்டனர். மியாவடிப் பகுதியிலிருந்து மீட்கப்பட்டோருள் இலங்கையரும் உளர். மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும், கம்போடியாவில் ஏறக்குறைய 100,000 பேரும் இந்நிலைக்கு உள்ளாகியிருக்கலாம் என ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைகள் அலுவலகம் 2023இல் மதிப்பிட்டது. அன்று கைதியின் கதை பொய். இன்று பொய்க்கதை எழுதுவோருட் பலர் மெய்யாகவே கைதிகள்.

இவ்வரலாற்றிலிருந்து நேயர்கள் கொள்ளத்தக்க காவல் எளியதே. பரிசு விழுந்தது என்றோ, பொதி தபாற்கந்தோரில் தடைப்பட்டுள்ளது என்றோ, வங்கிக் கணக்கு முடங்கும் என்றோ கைத்தொலைபேசிக்குச் செய்தி வரின், அதிலுள்ள இணைப்பைத் தொடாது, வங்கிப் புத்தகத்திலோ அட்டையின் பின்புறத்திலோ உள்ள இலக்கத்துக்குத் தாமே அழைத்துக் கேட்டல் வேண்டும். வங்கி அனுப்பும் ஒருமுறை இரகசிய எண்ணை வங்கி அலுவலர் என்று சொல்பவருக்கும் உரைக்கலாகாது. "யாரிடமும் சொல்லாதீர்" என்று ஒருவர் கூறின், அப்பொழுதே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடல் நன்று. பணம் போய்விடின், அன்றே வங்கிக்கும் பொலிசாருக்கும் அறிவித்தல் வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணியும் திருடருக்கே உதவும்.

வீட்டிலுள்ளோருக்கும் ஒரு கடமை உண்டு. ஏமாந்து வந்தவரைக் கடிந்துகொள்ளாது, நடந்ததைப் பொறுமையோடு கேட்டல் வேண்டும். ஏச்சுக்கு அஞ்சி அவர் வாய்மூடியிருப்பாராயின், அடுத்த வீட்டுக்கும் அதே கடிதம் சென்று சேரும்.