சுப்பாராவும் மருத்துவ ஆராய்ச்சியும்

ஆராய்ச்சித் துறையில் உழைப்பும் புகழும் எஞ்ஞான்றும் ஒருங்கு செல்வதில்லை. இதற்கு யெல்லாப்பிரகடா சுப்பாராவின் வாழ்வு சான்றாகும். 1895-இல் பீமவரத்தில் பிறந்த இவர், உடன்பிறந்தாரை ‘ஸ்புரூ’ என்னும் குடல்நோய்க்கு இழந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, ஆயுர்வேதக் கல்லூரியில் கற்பித்து, பின்னர் அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகம் அடைந்தார். ஆங்கு ஃபிஸ்க் என்பாருடன் 1925-இல் வகுத்த பாசுவர அளவீட்டு முறை இருவர் பெயராலும் வழங்கலாயிற்று. 1940-இல் லெடர்லே ஆய்வகம் புகுந்தார். ஆங்கு இவர் நடத்திய குழுவினர் 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். முற்கூறிய குடல்நோய்க்கும் அது மருந்தாயிற்று. ஆயினும் அவ்வாக்கத்தை அறிவித்த கட்டுரையில் இவர் பெயர் பலர் பெயருள் ஒன்றாகவே நின்றது. 1948-இல் இவர் மறைந்தார். தனிப்பெயரால் வழங்கும் கண்டுபிடிப்பையே எண்ணும் வரலாறு, குழுவை இயக்கிய அறிவினைத் தவறவிடும் என்பதே யாம் கொள்ளும் முடிபு.