படிக்க நேரம் ஏது?



"படிக்கவா? அதுக்கு நேரம் ஏதுக்கா?" நம் குழுக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. வாசல் தெளிப்பதில் ஆரம்பித்து நூறு நாள் வேலை, ஆடு மாடு, அடுப்படி என்று பொழுது போய்விடுகிறது. நேரம் இல்லை என்பது பொய்யில்லை. நமக்கு முன்னால் இருந்த பெண்களுக்கும் இருந்ததில்லை. ஆனாலும் அவர்கள் படித்தார்கள். எப்படி?

19-ஆம் நூற்றாண்டில் வங்காளத்தில் ராஷ்சுந்தரி தேவி என்று ஒரு அம்மா இருந்தார். 12 வயதில் கல்யாணம், அப்புறம் 12 பிள்ளைகள். பெரிய குடும்பத்தின் சமையல் முழுக்க அவர் தலையில். பொம்பளை படித்தால் தாலி நிலைக்காது என்று சொன்ன காலம் அது. வீட்டில் இருந்த சைதன்ய பாகவதத்தில் ஒரு தாளை உருவி எடுத்தார். மகன் எழுதிப் பழகிய ஓலை ஒன்றையும் எடுத்து, இரண்டையும் அடுப்படியில் ஒளித்து வைத்தார். சமைத்துக்கொண்டே எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்து, வாசிக்கக் கற்றுக்கொண்டார். பின்னாளில் தன் வாழ்க்கையைத் தானே புத்தகமாக எழுதினார். வங்க மொழியில் பெண் எழுதிய முதல் தன்வரலாறு அதுதான்.

அவர் யாருக்கும் தெரியாமல் தனியாக எடுத்துக்கொண்ட நேரத்தை, நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஊரே சேர்ந்து உண்டாக்கியது. 1991-இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது ஷீலா ராணி சுங்கத் நம் கலெக்டர். சொல்லிக் கொடுத்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள், பெரும்பாலும் ஊர்ப் பிள்ளைகள். எங்கள் தெருவில் ராத்திரிச் சோறு ஆக்கி இறக்கிய பிறகுதான் வகுப்பு. கைப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டுதான் நானும் 'அ' எழுதினேன்.

அறிவொளியோடு சைக்கிளும் வந்தது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகினார்கள். பஸ்சுக்குக் காத்திருந்த நேரமும் தண்ணீருக்கு நடந்த நேரமும் மிச்சமானது. கல்குவாரியில் கூலிக்குக் கல் உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்தார்கள். லோடு எத்தனை, வரவு எவ்வளவு என்று பார்க்க எழுத்தும் கணக்கும் வேண்டியிருந்தது. படிப்பு வேலைக்கு இடைஞ்சலாக இல்லை, வேலைக்குள்ளேயே இருந்தது. 1992-இல் நம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது.

அதன் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் வகுப்பு நின்றது. வயல், வீடு, பிள்ளைகள் என்று நான் புத்தகத்தைத் தொடவே இல்லை. கையெழுத்து மட்டும் மிஞ்சியது. சில வருஷம் முன்னால் ஒரு கடன் பத்திரத்தில் பத்துப் பேர் வரிசையாகக் கையெழுத்துப் போட்டோம். வாசித்துப் பார்க்க அஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும். ஒருத்தர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்று அதில் தமிழிலேயே இருந்ததாம். ஒருத்தி ஊரை விட்டுப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. என் தோட்டை அடகு வைத்து என் பங்கைக் கட்டினேன். வாசிக்காத அந்த அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு வருஷக் கூலி போனது.

அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். சேமிப்பு வசூல் முடிந்ததும் பத்து நிமிஷம் வாசிப்பு. தீர்மான நோட்டை ஊக்குநர் மட்டும் வாசிப்பதில்லை, ஆளுக்கு அஞ்சு வரி. அப்புறம் பேப்பரில் ஒரு செய்தி. திக்கினால் யாரும் சிரிக்கக் கூடாது. 62 வயது அக்கா ஒருத்தர் இப்போது தன் பாஸ்புக்கைத் தானே பார்க்கிறார்.

வீட்டில் நேரம் கிடைக்கும் என்று காத்திருந்தால் கிடைக்காது. கூட்டத்துக்கு எப்படியும் வருகிறோம். அதில் பத்து நிமிஷத்தைப் படிப்புக்கு ஒதுக்குவோம். வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டோம் என்று ஒவ்வொரு குழுவும் தீர்மானம் எழுதட்டும். அந்தத் தீர்மானத்தையும் நாமே வாசிப்போம்.