குறுந்தொகை 25: பொய்யின் வடிவமும் உணர்வும்

கபிலர் பாடிய குறிஞ்சித்திணைப் பாடல். களவில் கூடிய தலைவன் மணத்தை நீட்டித்துக்கொண்டே போக, தலைவி தோழியிடம் பேசுகிறாள். ஐந்தே அடிகள்.

இதில் பொய் இன்னும் சொல்லப்படவில்லை. அவன் சொன்ன சொல்லை மறுத்தால் தன் கதி என்ன என்பதே அவள் கேள்வி. பாடலின் உணர்வு முழுவதும் ‘பொய்ப்பின்’ என்பதிலுள்ள ‘இன்’ விகுதியில்தான் தொங்குகிறது. அவனைக் கள்வன் என்கிறாள். ஆனால் அந்தச் சொல்லில் சினத்தைவிடக் கலக்கமே மிகுதி, கொஞ்சம் காதலும் மிச்சமிருக்கிறது.

வடிவம் நேரிசை ஆசிரியப்பா. ஈற்றயலடி மூன்று சீரில் குறுகும் என்பது இலக்கணம். கபிலர் அந்தக் குறுகிய அடியில்தான் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நிற்கும் பறவையை வைக்கிறார். ஓசை சட்டென அடங்குகிறது, இரைக்காக அசையாமல் நிற்கும் குருகைப் போலவே.

தாங்கள் கூடியதற்குச் சாட்சி யாருமில்லை என்று தொடங்கும் பாடல், கடைசி அடியில் ஒரு சாட்சியைக் காட்டுகிறது. தினைத்தாள் போன்ற மெல்லிய கால்களையுடைய அந்தக் குருகு அன்று அங்கே இருந்தது. ஆனால் அதன் கண் மீன்மேல். பேச வாயுமில்லை. ‘குருகும்’ என்பதிலுள்ள உம்மை, ஒரு துணையைக் கொடுத்துவிட்டு உடனே பிடுங்கிக்கொள்கிறது. சங்கப் பாடல்களில் இவ்வளவு சிறிய இடைச்சொல் இவ்வளவு பெரிய தனிமையைச் சுமப்பது அரிது.

ஏ.கே. ராமானுஜன் 1967இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்புத் தொகுப்பிலும் இப்பாடல் உண்டு.