லண்டன் மாநகரில் அஸ்திவார அனுமதி

1666 செப்டம்பர் 2ஆம் நாள் புட்டிங் சந்தின் ரொட்டிக்கடையொன்றில் மூண்ட நெருப்பு, நான்கு நாட்களில் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைப் பஸ்மமாக்கிய பின், பழைய விதிகளை அலட்சியம் செய்து மரவீடு எழுப்பும் வழக்கத்தை லண்டன் நகரம் சகிக்கவில்லை.

மறு ஆண்டுச் சட்டம் புறச்சுவர்கள் செங்கல்லாலோ கல்லாலோ அமைய வேண்டுமென விதித்தது. வீடு கட்டுவோன் 6 ஷில்லிங் 8 பென்ஸ் செலுத்தி, நகர அளவையாளர் நேரில் வந்து எல்லைக் கழிகளை நாட்டிய பின்னரே அஸ்திவாரம் இடலாம் என்ற நியமமும் அப்போது ஏற்பட்டது. அவ்வளவையாளருள் ஒருவர், பௌதிக சாஸ்திரத்தில் பெரும் கீர்த்தி பெற்ற ராபர்ட் ஹூக். அம்மேதை சாம்பல் மேடுகளிடையே நடந்து, அண்டை வீட்டாரின் பொதுச்சுவர் விவகாரங்களைத் தீர்த்துவைத்த பணியை அவருடைய சாஸ்திர சாதனைகளுக்குச் சற்றும் குறைந்ததாக நான் கருதேன்.

சட்டம் நாளடைவில் வீட்டின் சிறு அங்கங்களையும் எட்டியது: 1709ஆம் ஆண்டு முதல் புதிய வீடுகளின் ஜன்னல் சட்டங்கள் சுவரின் முகப்பிலிருந்து 4 அங்குலம் உள்வாங்கியே அமைய வேண்டியதாயிற்று.